நமக்குப் பிடித்த சான்று

சாமியாரிடம் சான்று கேட்பது எளிது. அவர் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்ற ஆசை நமக்கில்லை. நம் பக்கம் நிற்பவரிடம், நாம் வெறுக்கும் ஒன்றை இடித்துத் தள்ளிக் காட்டியவரிடம், அதே கேள்வியை அதே குரலில் கேட்கிறோமா? பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ளும் எவரையும் நான் இதை வைத்தே எடைபோடுவேன்.

1973 ஜனவரியில் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியல் பேராசிரியரின் கட்டுரை வந்தது. மனநோய் எதுவும் இல்லாத எட்டுப் பேர், ஐந்து மாநிலங்களில் 12 மருத்துவமனைகளுக்குப் போய், காதில் ஒரு குரல் கேட்கிறது, அது ‘வெறுமை’, ‘உள்ளே ஒன்றுமில்லை’, ‘தொம்’ என்கிறது என்று மட்டும் சொன்னார்களாம். பெயரையும் சிலர் தொழிலையும் மாற்றிச் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் உண்மையாம். எல்லோரையும் உள்நோயாளிகளாகச் சேர்த்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் மனச்சிதைவு என்று எழுதினார்கள். உள்ளே போனதும் அவர்கள் குரல் கேட்பதாகச் சொல்வதை நிறுத்திவிட்டு இயல்பாக நடந்துகொண்டார்கள். ஊழியர் எவரும் கண்டுபிடிக்கவில்லை. கூடவிருந்த நோயாளிகளில் சிலருக்குத்தான் சந்தேகம் வந்தது. ஏழு நாள் முதல் 52 நாள் வரை, சராசரியாக 19 நாள் உள்ளே இருந்தார்கள். குறிப்பேட்டில் எழுதியதைக்கூட நோயின் கூறாகப் பதிந்தார்கள் என்றது கட்டுரை.

மனநல மருத்துவர் தாமஸ் சாஸும் தத்துவவாதி மிஷல் ஃபூக்கோவும் மனநல மருத்துவத்தின் அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்கிப் பத்தாண்டு கடந்திருந்த நேரம் அது. காத்திருந்த கைகளில் கட்டுரை போய்ச் சேர்ந்தது. உளவியல் பாடப்புத்தகங்களில் ஏறி, தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது.

அதன் பின்னணியைத் தேடிக் கிளம்பியவர் சுசானா கஹலன் என்ற பத்திரிகையாளர். 2009இல், 24 வயதில், அவருடைய உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அவருடைய மூளையைத் தாக்கியது. பிரமைகள் வந்தன, மனநோய் என்று ஒதுக்கப்படும் விளிம்புவரை போய்த் திரும்பினார். மருத்துவர் ஒட்டும் முத்திரை எவ்வளவு ஆபத்தானது என்பது அவருக்கு உடம்பால் தெரியும். ரோசன்ஹானைக் கொண்டாட அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. கொண்டாடத்தான் போனார். அந்த எட்டுப் பேரைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 2019இல் வந்த அவருடைய புத்தகம் சொல்வது வேறு கதை.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் ரோசன்ஹானே. 1969இல் பென்சில்வேனியாவின் ஹாவர்ஃபோர்டு அரசு மருத்துவமனையில் பொய்ப்பெயரில் சேர்ந்தார். அந்தக் கேஸ் ஷீட் கஹலனுக்குக் கிடைத்தது. ‘தொம்’ என்ற குரலோடு அது நிற்கவில்லை. மாதக்கணக்கில் குரல் கேட்கிறது, ரேடியோ அலைகள் தன்னைத் தொடுகின்றன, பிறர் நினைப்பது காதில் விழுகிறது, சத்தத்தைத் தடுக்கச் செம்புப் பாத்திரத்தைக் காதில் கவிழ்த்துக்கொண்டேன், நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது என்றெல்லாம் அந்த நோயாளி சொன்னதாக மருத்துவர் எழுதியிருக்கிறார். தற்கொலை நினைப்போடு வாசலில் வந்து நிற்பவரை எந்த மருத்துவர் திருப்பி அனுப்புவார்? சேர்த்துக்கொண்டது அவருடைய கடமை. அந்தக் கடமையைத்தான் கட்டுரை அறியாமையாகக் காட்டியது. மற்ற ஏழு பேரில் ஒருவரை மட்டுமே கஹலனால் கண்டுபிடிக்க முடிந்தது. மீதி ஆறு பேர் இருந்தார்களா என்றே அவர் சந்தேகிக்கிறார். மருத்துவமனைகளின் பெயரைக் கட்டுரை மறைத்திருந்ததால், அன்றைக்கே போய்ச் சரிபார்ப்பதும் எளிதாக இருக்கவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது ஓர் அடிக்குறிப்பு. ஒன்பதாவதாக ஒருவர் போனார், தன் சொந்த வாழ்க்கை பற்றிப் பொய் சொன்னதால் அவருடைய தகவலைச் சேர்க்கவில்லை என்கிறது அது. பொய்க்காக ஒருவரை நீக்கியவர், தாம் சொன்ன பொய்களைச் சேர்த்துக்கொண்டார். அந்த ஒன்பதாமவர் ஹாரி லேண்டோ. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் 19 நாள் இருந்தார். தனக்கு அங்கே அமைதியும் பரிவும் கிடைத்தன என்றார்; 1976இல் அதைத் தனிக் கட்டுரையாகவும் எழுதினார். நாட்டை உலுக்கிய கட்டுரையில் அவருக்குக் கிடைத்த இடம் அந்த அடிக்குறிப்புதான்.

ஒரு வார்டு மனிதரைக் காயப்படுத்துகிறது; இன்னொரு வார்டு தேற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன வேறுபாடு? செவிலியர் எண்ணிக்கையா, வெளியே நடந்துவர விட்டதா, பக்கத்தில் உட்கார்ந்து பேசியதா? நோயாளிகள்மேல் அக்கறை கொண்ட ஆய்வாளர் லேண்டோவின் அந்த 19 நாட்களைப் புதையலாக மதித்து முதலில் தோண்டியிருப்பார். மருத்துவமனையே தீமை என்று முன்பே முடிவெடுத்தவருக்கு அவை இடையூறு. 1955இல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறக்குறைய 5,59,000 பேர் இருந்தார்கள். பிறகு அவை காலியாயின. புதிய மருந்துகள், அரசின் செலவுக் கணக்கு, உரிமைப் போராட்டம் எனக் காரணங்கள் பல. ஒரு கட்டுரைமேல் எல்லாவற்றையும் சுமத்துவது நியாயமில்லை. ஆனால் மூடத் துடித்தவர்களுக்கு அது அறிவின் பெயரால் துணைநின்றது. வெளியே வந்தவர்களைத் தாங்க வேண்டிய சமூக மையங்கள் போதிய அளவில் எழவில்லை. பலர் தெருவுக்கும் சிறைக்கும் போனார்கள்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடம் கொடுத்தாரே, அன்றைய மனநல விடுதிகளில் கொடுமை நிஜம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுமை நிஜம். அதனால்தான் பொய் தேவைப்படவில்லை. 1887இல் நெல்லி பிளை என்ற பெண் நிருபர் பைத்தியம்போல் நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல்ஸ் தீவு விடுதிக்குள் பத்து நாள் இருந்தார். எந்த இடம், என்ன சாப்பாடு, எப்படிக் குளிப்பாட்டினார்கள் என்று ஒளிக்காமல் எழுதினார். விசாரணைக் குழு அவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்ப் பார்த்தது. அவரும் நடித்தவர்தான், ஆனால் தன் நடிப்பைச் சரிபார்க்கக் கதவைத் திறந்து வைத்தார். 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். அதைச் சொல்ல எவருடைய கற்பனை வேண்டும்?

நன்மைக்காகச் சொன்ன பொய் வெளிப்படும்போது அதன் விலையைக் கொடுப்பது பொய் சொன்னவர் அல்ல. ரோசன்ஹான் 2012இல் புகழோடு இறந்தார். இன்று ஒரு நோயாளி, ‘என்னை அடித்தார்கள், நான் சொன்னதை எவரும் கேட்கவில்லை’ என்று வாய் திறந்தால், ‘இதுவும் கட்டுக்கதையா?’ என்ற சந்தேகம் அவர்மேல்தான் விழும். பேச்சு எடுபடாமல் போவதே மனநோயாளியின் பெரும் துயரம். அவர் பெயரால் பொய் சொன்னவர், அவரிடம் மிச்சமிருந்த நம்பகத்தன்மையையும் செலவழித்துவிட்டார்.

பாடத்திலிருந்து ரோசன்ஹானின் கட்டுரையை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் ஹாவர்ஃபோர்டு கேஸ் ஷீட்டையும் லேண்டோவின் 1976 கட்டுரையையும் வைத்து நடத்தட்டும். வாசித்து முடித்த மாணவரிடம், இந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் இருந்ததற்குச் சான்று உண்டு என்று ஆசிரியர் கேட்கட்டும்.