யார் கையை யார் பிடிப்பது?

என் தகப்பனாருக்குக் கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் மாலையில் கோவிலுக்குப் போய்வருவதை அவர் விடவில்லை. ஒரு நாள் சாக்கடை ஓரத்தில் இடறி விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றார். மறுநாளே சம்பளம் பேசி ஒரு பையனைத் துணைக்கு அமர்த்தினேன். பிள்ளையின் கடமையைச் செய்துவிட்ட திருப்தி எனக்கு. பத்து நாள்கூட ஆகியிராது. அப்பா கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் நான் போய்வந்தேன். இப்போது அவன் என்னைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறான்" என்றார்.

கிழவர்களின் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது பல வருஷங்களுக்குப் பிறகு, மாரிஸ் பிராங்க் என்ற அமெரிக்கரின் கதையைப் படித்தபோதுதான்.

நாஷ்வில் நகரத்து வாலிபர் அவர். இரண்டு கண்ணும் தெரியாது. போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்கு ஜெர்மனியில் நாய்களைப் பழக்கிக் கொடுப்பதைப் பற்றி, டாரதி யூஸ்டிஸ் என்ற அம்மையார் 1927-ல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் எழுதியிருந்தார். அதைப் படிக்கக் கேட்ட பிராங்க், மறு வருஷம் அந்த அம்மையார் வசித்த ஸ்விட்சர்லாந்துக்குக் கப்பலேறினார். போகும்போது பார்சலைப் போல ஒப்படைக்கப்பட்டுப் போன மனிதர், 'பட்டி' என்ற பெண் நாயின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தாமாகவே திரும்பி வந்தார். நியூயார்க்கில் நிருபர்கள் பார்த்து நிற்க, வண்டிகள் இரைந்து பாயும் வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடந்தார். யூஸ்டிஸ் அம்மையாருக்கு ஒரே வார்த்தையில் தந்தி போயிற்று: "வெற்றி."

பையனை நம்பினால் பராதீனம், நாயை நம்பினால் சுதந்திரமா? முதலில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் பட்டது. வழி தெரிந்த நாய், வழி தெரியாத மனிதனை இழுத்துப் போகிறது என்றே எண்ணியிருந்தேன். விஷயம் அப்படியல்ல. எங்கே போவது, எத்தனையாவது தெருவில் திரும்புவது என்ற கணக்கெல்லாம் மனிதனுடையது. நடைபாதை முடியும் இடத்தில் நாய் நின்றுவிடும். வண்டிகளின் ஓசையைக் காதால் அளந்து, "முன்னே" என்று சொல்பவன் மனிதன். அவன் கணக்குத் தவறி ஒரு மோட்டார் பாய்ந்து வந்தால், நாய் கட்டளையை மீறி அசையாமல் நிற்கும். தன் முதுகுக்கு எவ்வளவோ மேலே, அவன் நெற்றிக்கு நேராக நீண்டிருக்கும் கிளையைக் கண்டாலும் அவனுக்காக ஒதுங்கும்.

சொன்னதையெல்லாம் செய்யும் நாயை நம்பிச் சாலையில் இறங்க முடியாது. ஆனால் மோட்டார் போன மறு கணம், 'இனி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அது அதிகாரத்தை எடுத்துக்கொள்வதில்லை. மறுபடியும் கட்டளைக்குக் காத்து நிற்கிறது. நானோ, அப்பா ஒரு முறை விழுந்ததைச் சாக்காக வைத்து அவருடைய தெருவையும் கோவிலையும் சாயங்காலத்தையும் பிடுங்கிக்கொண்டேன். அன்பினால் செய்தேன். அதனால்தான் அவரால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அப்படியானால் விழட்டும் என்று விட்டிருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். எனக்கும் முழுப் பதில் தெரியாது. இடுப்பெலும்பு முறிந்தால் சுதந்திரம் வந்து கட்டுப் போடாது. நம் ஊர்த் திறந்த சாக்கடைகளுக்கும், நடைபாதைக் கடைகளுக்கும், குரைத்துச் சூழும் தெருநாய்களுக்கும் நடுவே அந்தப் பட்டியே திணறியிருக்கும்.

பையன் நின்றபின் ஒரே ஒரு நாள், கார்த்திகை தீபத்தன்று, அப்பாவை நானே அழைத்துப் போனேன். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு, தம் கையை என் தோளில் வைத்தார்.

"நீ முன்னால் நட. திரும்ப வேண்டிய இடத்தை நான் சொல்கிறேன்."

தெரிந்த வழிதானே என்று எனக்கு உள்ளூர எரிச்சல். மாவு மில்லின் சத்தம், பூக்காரியின் குரல், எண்ணெய்க் கடை வாசனை ஒவ்வொன்றையும் அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு, "இங்கே, இடது பக்கம்" என்றார். மிகச் சரியாக அந்த முனைதான்.

நான் அதற்குள் திரும்பியிருந்தேன்.