முனிசிபல்ல வேல

கண்டியில் ஒரு பிள்ளையிடம் “அப்பா என்ன வேல?” என்று கேட்டு “முனிசிபல்ல” என்று பதில் வந்தால், இதற்கு மேல் கேட்காதீர்கள் என்ற கெஞ்சலும் அதில் இருக்கலாம். சொன்னது பொய் இல்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞர் இருக்கிறார், பொறியியலாளர் இருக்கிறார், வரி வசூலிப்பவர் இருக்கிறார். விடியுமுன் தெருக் கூட்டி, கான் தோண்டி, குப்பை லொறியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவரும் இருக்கிறார். ஒரே சொல் எல்லோருக்கும் குடை பிடிக்கிறது. பிள்ளை அந்தக் குடைக்குள் ஒண்டிக்கொள்கிறது. அது குற்றமா?

பெற்றவரின் தொழிலைச் சொல்லக் கூசும் பிள்ளையைப் பற்றிச் சிறுவர் நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கமான விடை உண்டு. பாதிக் கதையில் பிள்ளை அப்பாவைத் தெரியாதவர்போல் கடந்து போகும். முக்கால் கதையில் அப்பா குப்பைக்குள் கிடந்த தங்கச் சங்கிலியைக் கண்டெடுத்து உரியவரிடம் ஒப்படைப்பார். காலைக் கூட்டத்தில் அதிபர் அவர் பெயரைச் சொல்வார், எல்லோரும் கை தட்டுவார்கள், பிள்ளை அழும். படிக்கிறவர் கண்ணும் கலங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் எழுதுவினைஞரின் மகள் தன் அப்பாவை மதிப்பதற்கு அவர் எந்தச் சங்கிலியையும் கண்டெடுக்க வேண்டியிருக்கவில்லையே. தெருக் கூட்டுகிறவர் மட்டும் வீரச்செயல் செய்துதான் மரியாதை வாங்க வேண்டுமென்றால், சங்கிலி எதுவும் அகப்படாமல் கூட்டிய முப்பது வருஷத்துக்கு என்ன விலை?

கண்டியில் இந்தக் கேள்விக்கு ஒரு முகவரி உண்டு. நகரத்திலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் மஹியாவ. வெள்ளையர் காலத்தில் கக்கூஸ் வாளிகளைச் சுமந்து அகற்றவும் தெருக்களைக் கூட்டவும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். வாளிகள் போய்விட்டன, முகவரி போகவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஊர்ப்பெயரை மறைத்து உறவினர் வீட்டு முகவரியை எழுதுகிற இளைஞர்கள் அங்கே உண்டு. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. முதலாம் வகுப்பு அனுமதியில் பாடசாலைக்கு அருகில் குடியிருப்பது பெரிய தகுதி. கண்டியின் பெயர்பெற்ற பாடசாலைகளுக்குப் பக்கத்தில் வீடு தேடி வசதியுள்ளவர்கள் அலைகிறார்கள். மஹியாவக்காரர்கள் நகரத்தை ஒட்டியே பரம்பரையாகக் குடியிருக்கிறார்கள். மற்றவர்கள் விலை கொடுத்து வாங்கத் துடிக்கும் அருகாமையை இவர்கள் மறைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பிள்ளை கூசுவது தொழிலுக்காக மட்டும் அல்ல. தொழிலைச் சொன்னவுடன் கேட்டவர் மனதில் சாதியும் ஊரும் தானாகவே ஓடி வந்து உட்கார்ந்துகொள்ளும். மலையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனாலும் இதுதான். ஹேவாஹெட்டையின் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். ஹந்தானையில் தேயிலைக்கு நூதனசாலையே இருக்கிறது. கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணின் படம் பெட்டிகளில் ஒட்டி உலகமெல்லாம் போகிறது. அந்தப் பெண்ணின் மகள் டவுன் பாடசாலைக்கு வந்தால் “அம்மா வீட்லதான்” என்கிறாள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போன அம்மாவை வீட்டில் இருக்கவைத்துவிடுகிறாள்.

“எல்லாத் தொழிலும் சமம்” என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களுக்கு இலகு. சொல்கிறவர் தன் மகனை அந்தத் தொழிலுக்கு அனுப்பமாட்டார் என்பது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்த பிள்ளையிடம் இந்தப் பாடம் எடுபடாது. அதைவிடக் கெட்டது, கூச்சத்தோடு குற்றவுணர்வையும் அது சுமத்திவிடுகிறது: முன்பு ஊர் சிரித்தது, இப்போது நீதிநெறியும் முறைக்கிறது.

கூச்சம் ஒருவர் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும் குணம் அல்ல. அடி பட்ட இடம் கன்றிப்போவதுபோல வருவது. அதற்குப் பிள்ளையைக் கேள்வி கேட்க முடியாது. மறைப்பதைப் பற்றிக் கேட்கலாம். யாருக்கும் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் வைத்த அளவு. கேலி செய்யக் காத்திருப்பவனிடம் “முனிசிபல்ல” என்று நிறுத்திக்கொள்வதால் யாருக்கும் தீங்கில்லை. விண்ணப்பத்தில் முகவரியை மாற்றி எழுதுகிற இளைஞன் பொய் எழுதுகிறான்தான். ஆனால் தகுதியைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஊரைப் பார்க்கிறவர்தான் அவனை எழுதவைத்தவர். பழியில் பெரும் பங்கு அவருக்குரியது.

ஒரு நிலைமையில் மட்டும் இந்த வாதம் தடுக்கி விழுகிறது: அப்பா பக்கத்தில் நிற்கும்போது. கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தில் அப்படி நேரலாம். பகலிலேயே பாய் விரித்து இடம் பிடித்துச் சிநேகிதர்களோடு உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. சவுக்கு அடிப்பவர்கள் முதல் கடைசி யானை வரை போய் முடிகிறது. தெருவில் யானைச் சாணம், கொப்பரைப் பந்தத்தின் சாம்பல், தம்பிலிக் கோம்பை. ஈர்க்குமாறோடு வருகிறவர்களில் ஒருவர் அப்பா. சிநேகிதன் “யாரு அந்தாளு? ஒன்னயே பாக்குறாரு” என்கிறான். “தெரியாது.” இந்தச் சொல்லுக்குத் தீங்கில்லாத சொல் என்ற சலுகையைக் கொடுக்க முடியாது. காயம் பட்டவர் நான்கடி தூரத்தில் நிற்கிறார்.

ஆனாலும் அநேகமாக அப்பாதான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ‘நான் வேலை செய்ற பக்கம் வராதே’ என்று சொல்லி வளர்த்ததும் அவராக இருக்கும். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய ‘தோட்டியின் மகன்’ நாவலில் இந்த முடிச்சைப் பார்க்கலாம். ஆலப்புழை நகரசபைத் தோட்டியான சுடலைமுத்து, மகன் தோட்டியாகக் கூடாது என்று முடிவெடுக்கிறான். தங்கள் ஆட்கள் வைத்திராத மோகனன் என்ற பெயரை வைக்கிறான். பள்ளிக்கூடம் அனுப்பப் பாடுபடுகிறான். அதற்காகத் தன்னோடு வேலை செய்கிறவர்களின் சங்கத்தையே காட்டிக்கொடுக்கிறான். மகன் கூசுவதற்கு முன்பே அப்பன் கூசிவிட்டான். சுடலைமுத்துவின் பாசத்தைச் சந்தேகிக்க முடியாது, துரோகத்தையும் மன்னிக்க முடியாது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதால்தான் அந்த நாவல் சங்கிலிக் கதைகளைவிட நேர்மையாக இருக்கிறது.

பெரியவர்களுக்கும் இது எளிதில் விட்டுப்போவதில்லை. சார்ல்ஸ் டிக்கன்ஸ் பன்னிரண்டு வயதில் பூட்ஸ் மைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்தார். உலகப் புகழ் வந்த பிறகும் அதை வெளியே சொல்லவில்லை. அவர் இறந்த பின், நண்பர் போஸ்டர் எழுதிய வரலாற்றில்தான் ஊர் அறிந்தது. தன்னை வளர்த்த கொல்லன் ஜோவைக் கண்டு கூசுகிற பிப் என்ற பாத்திரத்தை நாவலில் படைத்தவருக்கே தன் கதையைச் சொல்ல வாய் வரவில்லை என்றால், பத்து வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு கேட்கலாம்?

“தெரியாது” என்ற சொல்லுக்குப் பிள்ளை என்றைக்காவது பதில் சொல்லத்தான் வேண்டும்; அப்பாவிடம் மட்டும், தனியாக. வகுப்பு அதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆகவே எழுத வேண்டிய சிறுவர் நாவல் கூசுகிற பிள்ளையைப் பற்றியது அல்ல என்று தோன்றுகிறது. பாயில் பக்கத்தில் இருந்தானே, “யாரு அந்தாளு?” என்று கேட்டவன், அவனைப் பற்றி எழுதலாம். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. பெரஹரா பார்த்து வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். காலையில் டியூஷனுக்காகத் தலதா வீதியால் நடந்து வருகிறான். சாணமும் இல்லை, சாம்பலும் இல்லை. ராத்திரி யானை நின்ற இடம் எது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் அத்தியாயத்துக்கு அது போதும்.