பள்ளி என்னும் சொல்

மாடம்பாக்கத்துச் சிராவக சிராவகியர் தம் மக்களை நாள்தோறும் பள்ளிக்கு அனுப்புகின்றனர். அணித்தே பள்ளிக்கரணை என்றோர் ஊரும் உளது. இச்சொல்லின் பொருளை நாம் சற்றே ஆராய்வோம்.

பள்ளி என்பது முதற்கண் படுக்குமிடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி என்பவற்றில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றில், கணி நந்தன் என்னும் முனிவர்க்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி உறைவிடம் அமைத்துத் தந்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டளவினதான அத்தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அவ்விடத்தைப் ‘பளிஇ’ என்றே குறிக்கிறது. மெத்தையன்று, வெறுங்கல்!

மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தே தங்குதல் துறவோர் நெறி. அவர் தங்கிய இடம் நாடி இல்லறத்தார் சென்று அறங்கேட்டனர். இவ்வாறே படுக்குமிடம் பயிலுமிடம் ஆயிற்று என்பர் அறிஞர் பலர். அரசர் அப்பள்ளிகட்கு அளித்த நிலம் ‘பள்ளிச்சந்தம்’ எனப்பட்டது.

ஆயினும், பள்ளி என முடியும் ஊர்தோறும் ஜினாலயம் புதைந்து கிடப்பதாகப் பேசுவோர் நம்மிடையே உளர். அது முறையன்று. பௌத்தர் உறைவிடமும் பள்ளியே. தெலுங்கில் பல்லெ என்றாலும் கன்னடத்தில் ஹள்ளி என்றாலும் சிற்றூர். மலையாளத்தில் கிறித்தவர் ஆலயமும் இசுலாமியர் தொழுமிடமும் பள்ளி, சிங்களத்தில் பள்ளிய. நாமும் பள்ளிவாசல் என்கிறோமன்றோ? ஒரு நயத்தையே பற்றி நிற்பது ஏகாந்தம்; அநேகாந்தம் உரைக்கும் நமக்கு அது பொருந்துமா?

மாங்குளம் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று அக்கற்படுக்கைகளைக் காட்டுக. அவற்றின்மேல் தம் பெயரை மட்டும் கீறாது வருக.