சதசத்தும் இடைநிலைப் பொருள்களும்



ஆன்மாவைச் சதசத்து என்று நம் ஆசிரியர் வழங்கிய சொல் கேட்டற்கு எளிது, உணர்தற்கு அரிது. சத்தும் அசத்தும் ஒன்றனையொன்று மறுப்பன. மறுதலைப்பட்ட அவ்விரண்டனையும் ஒருபொருண்மேல் ஏற்றிக் கூறுதல் யாங்ஙனம் அமையும்? இக்காலத்து மேடையேறிப் பேசுவாருட் சிலர், "பாதி மெய், பாதி பொய், அதுவே உயிர்" என்று கூறி எளிதிற் கடந்துவிடுகின்றனர். கேட்போரும் தலையசைக்கின்றனர். அக்கூற்றை ஒப்பின் முத்தி என்னாம்? பொய்யாகிய பாதி நீங்கியவழி எஞ்சுவது சத்தாகிய பாதி ஒன்றே. அது சிவமேயாதலின், முத்தியில் இன்பம் நுகர்தற்கு உயிரென ஒருபொருள் ஆண்டில்லை. வாசலில் நின்று ஏகான்மவாதியை மறுத்துவிட்டுப் புழைக்கடை வழியே அவனை அழைத்துப் பாயிட்டு இருத்தியவாறாயிற்று இது. ஆதலின், இரண்டற்கு இடைப்பட்டது என்று உலகம் சொல்லும் பொருள்கள் எத்தன்மையன என்பதனை முதற்கண் ஆராய்தல் வேண்டும். எல்லா இடைநிலையும் ஒருதன்மைய அல்ல.

கழிமுகத்து நீரை எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் ஆயிரம் பங்கிற்கு ஏறத்தாழ 35 பங்கு உப்புளது. ஆற்றுநீரில் இல்லையென்னுமளவே உளது. இரண்டுங் கலந்த கழிநீர் உவர்ப்பிற் குறைந்தும் மிக்கும் நிற்கும். அதற்கெனத் தனியியல்பு யாதுமில்லை. கூறுகளைப் பிரித்தால் அது இல்லையாம். இது கலப்பு. பாதி மெய் பாதி பொய் என்பார் உள்ளத்திலிருப்பது இக்கழிநீரே.

அந்திப்பொழுது வேறொருவகை. ஞாயிறு மறைந்தபின் அடிவானுக்குக் கீழே 18 பாகை இறங்குங்காறும் அதன் ஒளியின் சாயல் வானில் நிற்கும் என வானநூலார் அளந்து கூறுவர். பகல் முடிந்த இடம் இது, இரவு தொடங்கிய இடம் இது என்று கோடு கிழித்தல் ஒருவர்க்கும் ஆகாது. ஆயினும் அந்தி ஒரு பொருளன்று. ஒளி குறைந்து செல்லும் ஒரு நிலையே. உயிர்நூலார் 1861-ஆம் ஆண்டிற் பவேரியாவின் சுண்ணக்கற் பாறைகளிற் கண்டெடுத்த ஆர்க்கியாப்டெரிக்சு என்னும் பழம்பறவையும் ஈண்டுக் கருதத்தக்கது. பறவைக்குரிய சிறகும், ஊர்வனவற்றிற்குரிய பல்லும் எலும்போடிய நீள்வாலும் அதற்குண்டு. பின்னிருந்து நோக்கும் நமக்கு அது நடுவழியாகத் தோன்றுகிறது. தன்னளவில் அது முழுவுயிரே. இவை ஒன்றினின்று மற்றொன்றற்குச் செல்லும் வழியிடைப் பெயர்கள். ஆன்மா அசத்தினின்று தோன்றியதுமன்று, ஒருநாட் சத்தாகி முடிவதுமன்று, அநாதியாக உள்ளது. ஆகலின் இவ்வுவமையும் பொருந்தாமை காண்க.

இனிச் சதசத்துக்கு அணுகிய உவமை வேண்டுவார் சிதம்பரத்திற்குப் போதல் வேண்டும். கோயிலுக்கன்று, அதற்கு அணித்தாகிய பிச்சாவரத்திற்கு. வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடையே கடலோரம் பரந்த சதுப்புக்காடு அது. கோயிற்குத் தலமரமாய் ஊருக்கும் பெயர்தந்த தில்லை அங்கேதான் இன்று செழித்து நிற்கின்றது. (கூத்தப்பிரானைப் பலகாற் கண்டோரும் இம்மரத்தை ஒருகாலும் கண்டிலர். அதன் பால் கண்ணிற்பட்டால் பார்வைக்குக் கேடு விளைக்கும் என்பதனையேனும் அறிந்து செல்வது நன்று.) அக்காட்டு மரங்கள் நிற்பது நிலமுமன்று, நீருமன்று, வெள்ளம் ஏறும்போது கடல், வடியும்போது சேறு. நாட்டு மாவையோ பலாவையோ அங்கு நட்டால் உவரிற் பட்டுப்போம். கடற்பாசியைக் கரையேற்றினால் வெயிலில் உலரும். அங்கு வெண்கண்டலோ சேற்றினின்று மேனோக்கி விரல்போல வேர்களை எழுப்பி மூச்சுவிடுகின்றது. உறிஞ்சிய உப்பை இலைவழியே கக்குகின்றது. சுரபுன்னையின் வேர் உப்பிற் பெரும்பகுதியை உள்ளே விடாது தடுக்கின்றது. அதன் வித்து தாய்மரத்திலிருந்தபடியே முளைத்து நீண்டு, பின்னரே சேற்றில் வீழ்கின்றது. இம்மரங்கள் பாதி நிலமரம் பாதி கடற்பாசி என்று ஒருவரும் கூறார். இரண்டிடத்தும் நிற்றற்குரிய தனியாற்றலுடைய ஓரினம் அது. கழிநீர் கலப்பு, கழியில் நிற்கும் மரம் கலப்பன்று. இவ்வேறுபாடு மனத்திற் பதியின் சதசத்தென்னுஞ் சொல் பாதி விளங்கிற்று.

நம் இலக்கணத்திலும் இஃது உண்டு. உயிர்மெய் என்பது உயிரும் மெய்யுங் கூடியது, பிரித்தால் இரண்டாம். ஆய்தமோ உயிருமன்று, மெய்யுமன்று, இரண்டின் கூட்டமுமன்று; தனிநிலை எனவே பெயர்பெற்றது. அங்ஙனந் தனித்ததாயினும் அது தானே நின்று ஒலியாது. முன்னே குற்றெழுத்தும் பின்னே வல்லின உயிர்மெய்யும் சாரவே எஃகு, அஃது என ஒலிக்கும். தனிப்பொருளாதலும், சார்ந்தன்றி விளங்காமையும் ஓரெழுத்தின்பால் முரணின்றி அமைந்தன. நன்னூல் விருத்தியைத் திருத்தியமைத்த கையே மாபாடியத்தையும் எழுதியது என்பதனை மாணாக்கர் மறவாதிருப்பாராக. திருவாவடுதுறைச் சிவஞான முனிவர்க்கு எழுத்தின் சார்பும் உயிரின் சார்பும் இருவேறு கல்வியாக இருந்திரா என்பது எமது கருத்து.

மேல்நாட்டுப் பௌதிகர் கண்ட பொருளொன்றும் இவ்வகையிற் சேரும். செம்பு மின்னைக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. சிலிக்கன், செர்மானியம் முதலியன இவற்றின் இடைப்பட்டன, குறைகடத்தி எனப்படும். 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திற் பார்டீன், பிராட்டைன் என்பார் செர்மானியத்தைக் கொண்டு டிரான்சிஸ்டரை அமைத்தனர். இன்று கணிப்பொறியும் கைப்பேசியும் இவ்வகைப் பொருளாலேயே இயங்குகின்றன. செம்புத்தூளையும் கண்ணாடித்தூளையும் கலந்து இதனைச் செய்துவிடலாகாது. செம்பைச் சூடேற்றினால் கடத்தும் வலி குறையும். தூய சிலிக்கனைச் சூடேற்றினால் மிகும். அதனோடு மிகச் சிறிதளவு பாசுவரம் சேர்ந்தால் ஒருவகையாகவும், போரான் சேர்ந்தால் மறுவகையாகவும் அது மின்னைச் செலுத்தும். சார்ந்ததன் வண்ணமாதல் என்று நாம் ஓதுவதற்குச் சடப்பொருளில் இத்துணை நுட்பமான சான்று பிறிதில்லை. ஆயினும் உவமையை எல்லைகடந்து இழுத்தல் ஆகாது. பாசுவரத்தைச் சிலிக்கனிற் புகுத்துவோன் ஒருவன் உளன். அதற்கு முன்னர்ச் சிலிக்கன் தூயதாயிருந்தது. உயிர்க்கு மலத்தொடர்பு அங்ஙனம் இடையில் வந்ததன்று. செம்பிற் களிம்புபோல உடன்றொன்றியது. மேலும் சிலிக்கன் தான் எதனைச் சார்ந்தது என்று அறியாது. அறிவதே ஆன்மா.

இவ்வறிவே சிவஞானபோதத்து 7-ஆஞ் சூத்திரத்தின் பொருள். சத்தாகிய சிவத்தின் முன்னர் அசத்தாகிய பிரபஞ்சம் விளங்கித் தோன்றாது. ஆகலின் சத்து அசத்தை அறிந்து நுகர்வதில்லை. முற்றறிவுடையோன் அறியாததும் உண்டோ எனின், ஈண்டு மறுக்கப்பட்டது சுட்டியறிதலே என்க. அசத்தோ சடம், அதற்கு அறிவில்லையாதலின் அது சத்தை அறியுமாறில்லை. பந்தம் உண்டென்பதும் வீடு உண்டென்பதும் அறிந்து, ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றுவது பின் எது? அவ்விரண்டுமல்லாத ஒன்று உளதாதல் வேண்டும். குருவின் உபதேசம் சத்துக்கு வேண்டா, அசத்துக்குப் பயன்படாது. இடைநிற்கும் ஆன்மாவை மறுப்பவன், நூலையும் குருவையும் தீக்கையையும் ஒருசேர மறுத்தவனாவன். மடங்களில் விளக்கேற்றி வைத்திருப்பதே பின் எதன்பொருட்டு?

கண் இதற்குப் பழைய உவமை. ஞாயிற்றின்முன் இருளில்லை, அது இருளைக் காணாது. இருள் ஞாயிற்றைக் காணாது. இரண்டையும் காண்பது கண்ணொன்றே. இருளில் இருளாயும் ஒளியில் ஒளியாயும் அது நிற்கும். அதனால் அது இருளாயினதுமில்லை, ஞாயிறாயினதுமில்லை. பேரொளியிற் காண்டற்குக் கூம்புவடிவினவும், சிற்றொளியிற் காண்டற்குக் கோல்வடிவினவுமாக இருவகை நுண்ணறைகள் விழித்திரையில் உள்ளன என்றும், அந்தியில் இரண்டும் ஒருங்கு தொழிற்படும் என்றும், இருளறையிற் புகுந்த கண் அவ்விருளுக்கு முற்றும் பழகுதற்கு அரைமணி நேரமளவு செல்லும் என்றும் உடல்நூலார் கண்டுள்ளனர். ஒளியினின்று இருளுக்குப் பழக ஊனக்கண்ணுக்கே இவ்வளவு பொழுது வேண்டும். அநாதியே இருளிற் பழகிய உயிர் ஒளிக்குப் பழகுதற்குச் சரியை முதலிய படிகள் எற்றுக்கு என்று வினவுவார் இதனைச் சற்று எண்ணுவாராக.

அற்றேல், அருவமும் உருவமுமாகிய சதாசிவத் திருமேனியும் இடைநிலையன்றோ எனின், ஆம்; ஆயின் அது கருணையால் இறைவன் தானே கொண்டது. உயிர் இடைநிற்றல் அதன் இயல்பு. இரண்டையும் ஒரு நிறையில் வைத்தல் பிழை.

முத்தியிற் சதசத்தாந் தன்மை ஒழியுமோ என்பது எஞ்சிய வினா. ஒழியாது. சார்ந்ததன் வண்ணமாதல் பெத்தத்தில் அசத்தின்பால் நிகழ்ந்தது. முத்தியிற் சத்தின்பால் நீங்காது நிகழும். ஒழிவது அசத்துச் சார்பே, சார்பவன் ஒழியான். திருவருட்பயன் இதற்குத் தாடலை என்னும் புணர்ச்சியை எடுத்துக் காட்டும். தாள் என்பதும் தலை என்பதும் புணர்ந்தவழி ளகர ஒற்றும் செவிப்படாது, தகரமும் செவிப்படாது. டகரம் ஒன்றே கேட்கும். ஒருசொல்லே என்பானை நோக்கி, பொருள் கூறுக என்றால் அவன் தாளையும் தலையையும் பிரித்தே கூறவேண்டும். இருசொல்லே என்பானை நோக்கி, ஒலித்துக் காட்டுக என்றால் அவன் தாடலை என்றே ஒலிக்கவேண்டும். தாள் இறைவனது; தலை உயிரினது. அக்கூட்டத்தில் உயிர் காண்பது எங்ஙனம் என்பதற்குக் கண்ணையே மீண்டும் உவமையாகக் கொண்டு 11-ஆஞ் சூத்திரம் எழுகின்றது. அதனைப் பிறிதொருகாற் கூறுதும்.