குதிகாலில் ஒரு முள்

எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதி 1952-இல் வெளிவந்த குறுநாவல் ஒன்று, ‘கடலும் கிழவனும்’ என்னும் பெயரில் தமிழ் வாசகர்களுக்கும் நன்கு அறிமுகமானது. 84 நாள் மீன் ஏதும் அகப்படாத கியூபா நாட்டு முதிய மீனவர் ஒருவர், ஆழ்கடலில் தன்னந்தனியராய்ப் பெருமீன் ஒன்றோடு போராடுகிறார். அன்னை மரியாவுக்குச் செபங்கள் சொல்வதாக நேர்ந்துகொள்ளும் அவர், தெம்பு வேண்டும்போதெல்லாம் இன்னொரு பெயரையும் நினைத்துக்கொள்கிறார். அது புனிதர் ஒருவரின் பெயரன்று. ஜோ டிமாஜியோ என்னும் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயர். டிமாஜியோவின் தந்தையும் மீனவரே. அவருடைய குதிகாலில் எலும்பு முள்ளாய் வளர்ந்து வதைத்தது. அந்த வலி எப்படியிருக்கும் என்று கிழவர் கடலில் அமர்ந்து எண்ணிப் பார்க்கிறார்.

குருமடத்தில் முதன்முதலாக இந்நூலைப் படித்த நாளில் நாம் அப்பெயரைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றோம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது முழங்காலோடு சமாதானம் பேசிக்கொள்ள வேண்டிய வயதில் மீண்டும் படித்தபோதுதான், இந்த மனிதர் யார், அவருடைய குதிகாலுக்கு என்ன நேர்ந்தது என்று அறியும் ஆவல் பிறந்தது.

பேஸ்பால் ஆட்டம் நம் கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவு. ஒருவர் எறிவார், மற்றவர் மட்டையால் அடிப்பார். ஆனால் அடிப்பவருக்கு அது மிகக் கடினமான ஆட்டம். பத்து முறை முயன்று மூன்று முறை வென்றவரே அங்குத் தலைசிறந்த மட்டையாளர். ஆயிரத்துக்கு இத்தனை என்று அதைக் கணக்கிடுவர். 1936 முதல் 1951 வரை, போர்க்காலப் படைப்பணியில் கழிந்த மூன்றாண்டுகள் நீங்கலாக 13 பருவங்கள் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடிய டிமாஜியோவின் கணக்கு 325. 1941-ஆம் ஆண்டு தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தவறாமல் வெற்றியடி அடித்தார். அச்சாதனை இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. சிசிலித் தீவிலிருந்து குடியேறிய கத்தோலிக்கப் பெற்றோரின் ஒன்பது பிள்ளைகளுள் எட்டாமவர். மீன் நாற்றம் பொறுக்காமல் தந்தையின் படகை விட்டு ஓடியவர் என்பர். தந்தை தமக்கு உகந்த தூய பவுலின் பெயரையும் அவருக்குச் சேர்த்து இட்டிருந்தார். உடலில் தைத்த முள்ளைப் பற்றி எழுதியவர் அந்தப் பவுல்தான் என்பதை வாசகர் நினைவில் கொள்க.

முள் முதலில் இடக் குதிகாலில் தோன்றியது. 1947 சனவரியில் அறுவை செய்து நீக்கினர். பிறகு வலக் குதிகால். 1948 நவம்பரில் பால்டிமோர் நகரில் மீண்டும் அறுவை. 1949-இல் 1 இலட்சம் டாலர் ஊதியத்துக்கு ஒப்பந்தமாகியும் தரையில் கால் ஊன்ற இயலவில்லை. பருவம் தொடங்கி 65 ஆட்டங்கள் அவரின்றியே நடந்தேறின. இதனிடையே மே மாதத்தில் தந்தையும் இறந்தார். தூக்கமின்றி, யாரையும் காண விரும்பாமல் விடுதி அறையில் அடைந்து கிடந்த அந்த 34 வயது மனிதரின் ஆட்டம் முடிந்தது என்றே பலர் எண்ணினர்.

ஒருநாள் காலை அவர் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினார், வலியில்லை. நெருப்பாய்க் கொதித்த குதிகால் குளிர்ந்திருந்தது. சூன் 28 அன்று பாஸ்டன் நகரில் ரெட் சாக்ஸ் அணிக்கு எதிராகக் களம் இறங்கினார். எதிரணியின் நடுக்களத்தில் நின்றவர் அவருடைய சொந்தத் தம்பி டாம். மூன்று நாள், மூன்று ஆட்டம். பந்தைத் தடுப்புக்கு அப்பால் அனுப்பும் ‘ஹோம் ரன்’ நான்கு. மூன்று ஆட்டங்களிலும் நியூயார்க்கே வென்றது. பகையணியின் ஊரிலேயே மக்கள் எழுந்து நின்று கைதட்டினர்.

கதை இங்கே முடிந்திருந்தால் மறையுரைக்கு நல்ல எடுத்துக்காட்டாகியிருக்கும். அப்படித்தான் பலர் பயன்படுத்துகிறோம்: மனம் தளராதே, மீண்டும் எழுவாய். நம் மேடைகளில் எதிர்நோக்கு என்னும் இறையியல் பண்பு எத்தனை முறை இந்த மலிவு விலைக்கு விற்கப்பட்டிருக்கிறது! நற்செய்தியில் நலம் பெற்றோரின் பிற்காலத்தைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. பெத்சதா குளத்தருகே எழுந்து நடந்தவரின் கால்கள் பின்னொரு நாள் முதுமையால் தளர்ந்திருக்கும். கல்லறையிலிருந்து வெளியே வந்த இலாசர் மீண்டும் ஒருமுறை இறக்க வேண்டியிருந்தது. முதல் சாவைவிட அந்த இரண்டாம் சாவு அவருக்குக் கடினமாய் இருந்திருக்குமோ என்று நாம் எண்ணுவதுண்டு. ஒருமுறை அழைத்த குரல் இம்முறையும் அழைக்கும் என்று மார்த்தாவும் மரியாவும் நான்காம் நாள் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்களா?

டிமாஜியோவுக்கு நேர்ந்ததும் அதுவே. 1950-இல் 301 என்ற கணக்கும் 32 ஹோம் ரன்களும் எடுத்தார். ஆயினும் பயிற்றுநர் கேசி ஸ்டெங்கல் ஆகஸ்டில் சில நாள் அவரை வெளியே அமர்த்தினார். அதற்குமுன் ஒருநாள் பழக்கமில்லாத முதல் தளத்தில் நிறுத்தியும் பார்த்தார். அவமானமாய் உணர்ந்தவர் பருவ இறுதியில் பழைய வேகத்தைக் காட்டினார். எனவே 1951-இல் அடி தவறியபோதும் ‘இது 1949-ஐப் போன்ற ஓர் இடைவேளை, வலி போய்விடும்’ என்று நம்பக் காரணம் இருந்தது. குதிகால், முழங்கால், தோள், கழுத்து என நோவு இடம் மாறிக்கொண்டேயிருந்தது. அந்தப் பருவத்தின் கணக்கு 263.

தூய தோமா அக்குவினா எதிர்நோக்கை மனித உணர்வாக ஆராயும்போது, அதன் பொருளுக்கு நான்கு இயல்புகளைக் கூறுகிறார்: அது நன்மையாயிருத்தல், இனி வரவிருத்தல், எய்தற்கு அரியதாயிருத்தல், எனினும் இயலக்கூடியதாயிருத்தல். அதே இடத்தில், இளைஞரிடமும் குடித்திருப்பவரிடமும் நம்பிக்கை பொங்கி வழிவதேன் என்றும் ஒரு வினா எழுப்புகிறார். (குருமட வகுப்பில் நாம் வாய்விட்டுச் சிரித்த மிகச் சில பக்கங்களுள் அதுவும் ஒன்று.) இளைஞருக்குக் கடந்த காலம் குறைவு, வருங்காலம் மிகுதி என்பது அவர் விடை. 36 வயது ஆட்டக்காரரின் இடர் அங்கேதான். மனிதன் என்ற முறையில் அவர் இளைஞரே. ஆட்டக்காரர் என்ற முறையில் கிழவர். நான்காம் இயல்பாகிய ‘இயலக்கூடியது’ என்பது அவரிடமிருந்து எந்த நாளில் விலகியது? அதைச் சொல்லும் மணியோசை எந்தக் கோபுரத்திலும் ஒலிப்பதில்லை. ஒருநாள் முன்னதாக விட்டால் அது அவநம்பிக்கை. ஒருநாள் கடந்து பற்றிக்கொண்டால் அது வீண்துணிவு. இரண்டும் எதிர்நோக்குக்கு எதிரான பாவங்கள் என்று கற்றோம். இடையிலுள்ள அந்த ஒரு நாளை அடையாளம் காணக் கற்கவில்லை.

இந்தத் தேடல் ஒருவருடைய தனிப்பட்ட காரியமாக இருந்தால் அவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். 1951 அக்டோபர் 5 அன்று நடந்தது அவ்வாறு விட இடம் தரவில்லை. இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டம். நடுக்களத்தில் டிமாஜியோ, வலக்களத்தில் மிக்கி மாண்டில் என்னும் 19 வயது இளைஞர், அவ்விடத்துக்கு வரவிருப்பவர். கிழவரின் குதிகால் சரியில்லை, எட்டிய பந்தையெல்லாம் நீயே பிடி என்று பயிற்றுநர் தமக்குச் சொல்லியிருந்ததாக மாண்டில் பின்னாளில் கூறினார். வில்லி மேஸ் அடித்த பந்து இருவருக்கும் நடுவே உயர்ந்தது. மாண்டில் முழு வேகத்தில் ஓடினார். பந்தை நெருங்குகையில்தான் ‘என்னுடையது’ என்ற மூத்தவரின் குரல் கேட்டது. மூத்தவர்மேல் மோதுவதா? சட்டென்று நின்றார். காலணி ஆணி நிலத்திலிருந்த வடிகால் மூடியில் சிக்கியது. வலது முழங்கால் கிழிந்தது. டிமாஜியோ அமைதியாகப் பந்தைப் பிடித்தார். மாண்டில் அதன்பின் 1968 வரை ஆடினார். வலியற்ற முழங்காலோடு ஆடியதில்லை.

டிமாஜியோமேல் நாம் குற்றம் சுமத்தவில்லை. பந்து அவருக்கு எட்டியது. அழைக்கும் உரிமையும் நடுக்களத்தாருக்கே. ஆனால் களத்தில் ஒருவருடைய நம்பிக்கையைச் சுற்றி மற்றவர் கால்களும் ஓடுகின்றன. நாம் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த நாளில், முதிய பங்குத்தந்தை ஒருவர் எல்லாவற்றையும் ‘என்னுடையது’ என்று அழைத்துக்கொண்டிருந்தார். சாவுப்படுக்கையிலிருந்தவருக்கு நோயில்பூசுதல் கொடுக்க நாம் புறப்பட்டபோது தடுத்துத் தாமே கிளம்பினார். படியிறங்கி வண்டியேறி அவர் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் நல்லவர்; அன்றிரவு கோவிலில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். நாமும் பேசவில்லை. பேசாமலிருந்தது மரியாதையா கோழைத்தனமா என்று இன்னும் தெளியவில்லை.

அப்படியானால் யார் சொல்வது, எப்படிச் சொல்வது? டிமாஜியோவுக்குச் சொல்லப்பட்ட விதம் கொடியது. அதே அக்டோபரில் ‘லைஃப்’ என்னும் இதழ், புரூக்ளின் அணிக்காக அவரை உளவு பார்த்துத் தயாரித்த குறிப்பை அச்சிட்டது. எறிய முடியாது, விரைந்து திரும்ப முடியாது, மட்டை முன்போல் சுழலவில்லை என்று ஒவ்வொரு குறையாக நாடே படித்தது. குறிப்பில் பொய் ஏதுமில்லை, அன்பும் ஏதுமில்லை.

இதற்கு நேர்மாறாக, சாமுவேல் இரண்டாம் நூலின் 21-ஆம் அதிகாரத்தில் அதிகம் வாசிக்கப்படாத ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. முதுமையெய்திய தாவீது மீண்டும் பெலிஸ்தியரோடு போரிடச் சென்று களைத்துப்போகிறார். இளமையில் கோலியாத்தை வீழ்த்தியவரை இப்போது வேறொரு பேருருவன் கொல்ல நெருங்குகிறான். அபிசாய் குறுக்கே பாய்ந்து காக்கிறார். பிறகு வீரர்கள் அரசரிடம், இனி எங்களோடு போருக்கு வரக்கூடாது, இஸ்ரயேலின் விளக்கு அணைந்துவிடக் கூடாது என்று ஆணையிட்டுச் சொல்கின்றனர். வலுவிழந்தவர் என்று அவர்கள் சொல்லவில்லை, விளக்கு என்றார்கள். இரண்டும் ஒரே உண்மைதான். ஆனால் இரண்டாவதைக் கேட்ட மனிதருக்குப் போர்க்களத்துக்கு வெளியேயும் இருக்க ஓர் இடம் உண்டு. அடுத்த அதிகாரம் முழுவதும் தாவீதின் நன்றிப்பாடல்.

1951 டிசம்பர் 11 அன்று, 37 வயதில், டிமாஜியோ ஓய்வை அறிவித்தார். அணி இன்னோர் ஆண்டுக்கு அதே 1 இலட்சம் டாலர் தர முன்வந்தது; மறுத்துவிட்டார். கடைசியாக மட்டை பிடித்த முறையில் இரண்டு தளம் கடக்கும் நல்ல அடி அடித்திருந்தார். என்றாவது ஒரு சிறுவன் தம்மை முதன்முறையாகப் பார்க்கக்கூடும், அவனுக்காகவே ஒவ்வொரு நாளும் குறைவின்றி ஆட வேண்டும் என்பது அவர் வழக்கமாகச் சொன்ன காரணம். அந்தக் கடனைத் தீர்க்க இயலாதபோது பணத்துக்காக நிற்க விரும்பவில்லை. இது மேன்மை. ஆனால் இனித் தாம் ஜோ டிமாஜியோ இல்லை என்பதால் அவர் விலகினார் என்று அவருடைய தமையன் ஒருவர் சொன்னதாக ஒரு செய்தியுண்டு. அதுவும் மெய்யானால், அந்தச் சொல் நம்மைக் கலங்க வைக்கிறது. 37 வயதில் ஒருவர் தாமாக இல்லாமல் போனால், எஞ்சிய ஆண்டுகளில் வாழ்ந்தவர் யார்?

அவருக்கு இன்னும் 47 ஆண்டுகள் இருந்தன. 1969-இல் உயிரோடிருப்பவருள் தலைசிறந்த ஆட்டக்காரர் என ஒரு வாக்கெடுப்பு அவரைத் தேர்ந்தது. பின்னர் எந்த விழாவிலும் அப்பட்டத்தைச் சொல்லியே தம்மை அறிமுகம் செய்ய வேண்டுமென்று வற்புறுத்தினார். இதைப் படிக்கையில் நமக்கு வருத்தமே மிஞ்சியது. சரியான நாளில் களத்தை விட்டவர், களத்தின் மனிதரை விடவில்லை. எனினும் அதே மனிதர், தம்மைப் பிரிந்துபோன மர்லின் மன்றோ 1962-இல் இறந்தபோது அடக்கச் சடங்கைத் தாமே முன்னின்று நடத்தினார். இருபது ஆண்டுகள் அவர் கல்லறைக்கு ரோசா மலர்கள் அனுப்பினார். அதற்குக் கைதட்ட யாருமில்லை. 325 என்ற கணக்கில் அது சேரவுமில்லை. திருமணங்கள் குறித்துத் திருச்சபைச் சட்டம் சொல்வதை நாம் அறிவோம். ஆனாலும் அந்த மலர்களைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை.

நம் காலத்தில் இரு திருத்தந்தையர் இக்கேள்விக்கு இருவேறு விடை தந்தனர். பனிச்சறுக்கிலும் மலையேற்றத்திலும் தேர்ந்த இரண்டாம் யோவான் பவுல், நடுங்கும் கையும் எழாத குரலுமாய் 2005-இல் இறக்கும்வரை பணியில் நின்றார். 2013-இல் பதினாறாம் பெனடிக்ட், வலு போதவில்லை என்று சொல்லி விலகினார். ஒருவரைப் போற்ற மற்றவரைத் தாழ்த்துவோர் இருவரையும் புரிந்துகொள்ளவில்லை. நின்றவர் பழைய மலையேறியாக நிற்கவில்லை. நோயாளியாகவே மக்கள்முன் நின்றார். விலகியவர் பட்டங்களைத் தேடிப் போகவில்லை, செபிக்கப் போனார். ஆட்டக்காரருக்கு இவ்விரண்டு வழிகளும் திறந்திருக்கவில்லை. நொண்டும் நடுக்களத்தாரைப் பேஸ்பால் ஏற்பதில்லை. நோயுற்ற குருவைத் திருச்சபை ஏற்கிறது. 75 வயது நிறைந்த பங்குத்தந்தை பணிவிலகலை ஆயரிடம் அளிக்குமாறு திருச்சபைச் சட்டம் கேட்பதும் மெய்தான்.

டிமாஜியோ 1999 மார்ச் 8 அன்று 84 வயதில் இறந்தார். சான் பிரான்சிஸ்கோ நகரில் தம் குடும்பத்தாரின் பங்கான தூய பேதுரு, பவுல் ஆலயத்தில் அவருக்கு அடக்கத் திருப்பலி நடந்தது. தம்பி டாம் இரங்கலுரை ஆற்றினார். ஒருமுறைகூட அவரை அடுத்துக் களத்தில் ஓடியிராத மீனவர் மக்களும் அந்தத் தெருக்களில் நின்றிருக்கக்கூடும்.

இங்கே நம் பங்கில் நற்கருணைப் பவனி நெருங்குகிறது. பாதை நீளம், பாதிக்குமேல் சரளைக்கல். கதிர்ப்பாத்திரத்தை இவ்வாண்டு யார் ஏந்துவது என்று உதவிப் பங்குத்தந்தை நேற்று மாலை, மிகத் தயங்கி, நம் முழங்காலைப் பாராமல் கேட்டார். கடந்த ஆண்டு இதே வாரத்தில் வலி திடீரென்று நின்றது நினைவுக்கு வந்தது. நாளை சொல்கிறோம் என்று விடையளித்திருக்கிறோம்.