ஊட்டுப்புரையும் சமபந்தியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூருக்குத் தர்மபூமி என்று பெயர். அந்தப் பெயரைச் சோறுதான் வாங்கிக் கொடுத்தது. சமஸ்தானம் நெடுக அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு விலையில்லாமல் சாப்பாடு கிடைத்தது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலில் 56 நாள் முறைஜபம் நடக்கும். வேதம் ஓத வந்தவர்களுக்கு அத்தனை நாளும் விருந்து. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட தம் நூலுக்குத் தர்மபூமி என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். ஒரு புலையர் பிராமணரிடமிருந்து 96 தப்படி விலகி நிற்க வேண்டும் என்பதைப் பதிவு செய்திருப்பதும் அதே நூல்தான்.

அந்த விருந்துக்கான கஜானாவை நிரப்பியவர்களில் தென்கோடியில் இருந்த நாடார் சாதிப் பனையேறிகளும் உண்டு. தலைக்கு வரி, பனை ஏறும் ஏணிக்கு வரி, அதற்கு மேல் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாத ஊழியம். பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் இதெல்லாம் ஊர் வழக்கமாகவும் அரசு நடைமுறையாகவும் இருந்தது.

அதே காலத்தில், அதே மண்ணில், வேறொரு பந்தி தொடங்கியது. 1809இல் தாமரைகுளத்தை ஒட்டிய சிற்றூரில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறி வீட்டுப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் ஆகாது என்று மேல்சாதியினர் எதிர்க்கவே, முத்துக்குட்டி என்று பெயர் மாறியது. 1833இல் திருச்செந்தூர் சென்று திரும்பியபின் அவரை மக்கள் வைகுண்டர் என்றும் அய்யா என்றும் அழைக்கத் தொடங்கினார்கள். அவர் தவமிருந்த இடம் இன்றைய சாமித்தோப்பு.

வைகுண்டர் செய்தவை பார்வைக்கு மிக எளியவை. ஒரு கிணறு வெட்டச் செய்தார். முத்திரிக்கிணறு என்று அழைக்கப்படும் அதில் எந்தச் சாதியாரும் நீர் எடுக்கலாம், குளிக்கலாம், குடிக்கலாம். எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சோறு போட்டார்; அதுதான் சமபந்தி. வழிபட வந்தவர்களின் நெற்றியில் கையால் தொட்டு நாமம் இடச் செய்தார். ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு பதி என்னும் வழிபாட்டிடத்துக்குள் வரச் சொன்னார். மேலானவர் எதிரே வந்தால் தலைத்துணியை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டிய ஊர் அது.

தண்ணீர், சோறு, நெற்றியில் ஒரு தொடுகை. இவற்றில் ஒன்றும் ஆயுதம் இல்லை. கேட்பவருக்கு இவை பரிவுச் செயல்களாகத்தான் தோன்றும். ஆனால் திருவனந்தபுரம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் வைகுண்டர் கைது செய்யப்பட்டு, சிங்காரத்தோப்புச் சிறையில் அடைக்கப்பட்டார். 1839இல் விடுதலை. விடுவிப்பதற்கு முன் ஒரு நிபந்தனை வைக்கப்பட்டதாக அவரைப் பின்பற்றுவோரின் அய்யாவழி மரபு சொல்கிறது: தம் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் மறுத்துவிட்டார்.

இந்த நிபந்தனையில் அந்த ஆட்சியின் மனம் தெரிகிறது. தன் சாதிக்குள் ஒருவர் சோறு போடுவதில் அரசுக்கு வருத்தமில்லை. நெற்றியில் தொட்டு நாமம் இடுவதிலும் இல்லை. பந்தி சாதிக் கோட்டைத் தாண்டும்போதுதான் காவலாள் வருகிறான். கருணை எப்போது எதிர்ப்பாகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கே கிடைக்கிறது. ஊட்டுப்புரையிலும் சோறுதான், சாமித்தோப்பிலும் சோறுதான். ஊட்டுப்புரையில் யார் உண்ணலாம், யார் அடுப்பு மூட்டலாம், யார் வரி கட்டிவிட்டு வெளியே நிற்க வேண்டும் என்ற விதி ஒவ்வொரு இலையோடும் உறுதிப்பட்டது. சமபந்தியில் ஒவ்வொரு இலையோடும் அது உடைந்தது. அளவு பார்த்தால் ஊட்டுப்புரைதான் பெரிய தர்மம். அறம் பார்த்தால் சமபந்திக்குப் பக்கத்தில்கூட அது வர முடியாது.

சோறு போடுவதோடு வைகுண்டர் நிற்கவில்லை. சுமார் 700 குடும்பங்கள் வாகைப்பதியில் கூடித் துவையல் தவசு இருந்ததாகச் சொல்கிறார்கள். நாளுக்கு மூன்று முறை குளித்து, உடுத்திய துணியைத் துவைத்து, சேர்ந்து வாழ்ந்து, ஒருவேளைச் சைவ உணவு உண்டார்கள். அழுக்கானவர்கள் என்று பெயர் சூட்டி ஒதுக்கப்பட்ட மக்கள் கூட்டமாகக் கடற்கரையில் துணி துவைத்த காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் யாரிடமும் மனு கொடுக்கவில்லை; தங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்யைத் தங்கள் கையாலேயே கழுவினார்கள். பின்னாளில் ஊர் ஊராக எழுந்த நிழல் தாங்கல்கள் வழிபாட்டுக்கும் அன்னத்துக்கும் இடமாயின.

நாகர்கோவிலில் இன்னொரு வழியும் நடந்துகொண்டிருந்தது. மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த அரசாணை 1855இல்தான் வந்தது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே ஊசியும் நூலும் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டன.

கருணையே எதிர்ப்பாகும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. கிணறும் பந்தியும் சட்டத்தை மாற்றினவா? வைகுண்டர் 1851இல் மறைந்தார். தோள்சீலை உரிமை அதன் பிறகு எட்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது. அதுவும் 1858இன் இறுதியில் வெடித்த கலகத்துக்கும், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடிக்கும் பிறகு. 1859 ஜூலை 26 பிரகடனம்கூட நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடையை விட்டுவைத்தது. பரிவு மட்டும் போதும் என்று சொல்பவர் இந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

காந்தி எழுப்பிய ஆட்சேபம் வேறு வகை. 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராடியவர்களுக்குச் சோறு போடப் பஞ்சாபிலிருந்து சீக்கிய அகாலிகள் வந்து இலவசச் சமையற்கூடம் திறந்தார்கள். காந்திக்கு அது பிடிக்கவில்லை. உள்ளூர் மக்கள் தங்கள் போராட்டத்தைத் தாங்களே தாங்க வேண்டும், வெளியார் அன்னத்தில் வாழ்வது தன்மானத்துக்குக் குறைவு என்பது அவர் வாதம். கூடம் மூடப்பட்டது. குருத்வாராவின் பந்தியில் எல்லாச் சாதியும் சேர்ந்து உண்ணும் என்பதே தீண்டாமைக்கு எதிரான பேச்சு. அதை மூடச் சொன்னது இழப்புத்தான். ஆனாலும் காந்தியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கொடுப்பவர் ஒரு கூட்டம், வாங்குபவர் வேறொரு கூட்டம் என்று நிலைத்துவிட்டால், எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் பழைய ஏணி அப்படியே நிற்கும். சாமித்தோப்பில் நீர் இறைத்தவர்களும் குடித்தவர்களும், துவைத்தவர்களும் உடுத்தியவர்களும் ஒரே மக்கள். அதனால்தான் அது பிச்சையாகவில்லை.

அந்த மண்ணின் போராட்டம் பிறகு தெருவுக்கும் வந்தது. வைக்கத்துக்கு ஆதரவாகக் கோட்டாற்றிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்ட நடைப்பயணத்தை டாக்டர் எம்பெருமாள் நாயுடு நடத்திச் சென்றார். 1926இல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. முன்னின்றவர் அதே மருத்துவர். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12இல் வந்தது. முத்திரிக்கிணற்றில் பல சாதியும் நீர் எடுத்து ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பிறகு. பந்தியில் சமமாக உட்கார்ந்து பழகிய தலைமுறைகளுக்குத் தெருவில் விலகி நிற்பது பொறுக்க முடியாததாகிறது. சட்டத்தை மாற்றும் கோபம் அங்கிருந்து பிறக்கிறது. கருணை போராட்டத்துக்கு மாற்று என்று வாதிடுபவர்களும், கருணை போராட்டத்தை மழுங்கடிக்கும் என்று அஞ்சுபவர்களும் இந்த நூறு ஆண்டு வரலாற்றைச் சேர்த்துப் படிக்கவில்லை.

இன்று சமபந்தி அரசு விழாவாகிவிட்டது. ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டின் பெரிய கோயில்களில் பொதுவிருந்து நடக்கிறது. 2002 முதல் கோயில்களில் அன்னதானத் திட்டம் இருக்கிறது. வைகுண்டர் அவதார நாளான மாசி 20 குமரி மாவட்டத்துக்கு விடுமுறை. எல்லாம் நல்லதே. ஆனால் 2023 செப்டம்பரில், தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சமைத்தார் என்பதற்காக அரசுப் பள்ளிப் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாமித்தோப்பிலிருந்து சில மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறது அந்த ஊர்.

குமரி மாவட்டத்தில் கொடைவிழாவும் அன்னதானமும் இல்லாத மாதமில்லை. அரிசியும் பருப்பும் பணமும் தருவதற்குக் கை தயங்குவதும் இல்லை. தருகிறவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தர வேண்டும்: அடுப்படியில் யார் நிற்கிறார்கள், பந்தியில் யார் யாரோடு உட்காருகிறார்கள். பதில் சரியில்லையென்றால் அரிசி மூட்டையை நிறுத்திவைக்கவும் துணிய வேண்டும்.