ஒப்பும் ஒப்புக்கும்

தான் படிக்காத ஒன்றைப் படித்துச் சம்மதித்ததாக ஒருவன் சொல்வது பொய்யா, அல்லது வெறும் சம்பிரதாயமா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. பாலசமுத்திரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில், அவள் மகளின் புது லேப்டாப்பை முதன்முதலாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்தது.

பெண் கல்லூரியில் முதல் வருஷம். இரண்டு வளையலை அடகு வைத்து வாங்கிய கருவி. நகைக்கடன் தாள்களில் நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த இடங்களிலெல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு வரி கூடப் படிக்கவில்லை. தம்பி வங்கியில் இருக்கிறான், போதும்.

கருவி முதலில் தேசத்தைக் கேட்டது. பிறகு மொழியை, விசைப்பலகையை, இணையத்தின் கடவுச்சொல்லை. இவற்றுக்கெல்லாம் எங்களிடம் பதில் இருந்தது. அடுத்து ஒரு சிறு கட்டத்துக்குள் முடிவில்லாமல் நீளும் இங்கிலீஷ் வாசகம். அடியில், ஏற்பதாகச் சொல்ல ஒரு பொத்தான். என் விரல் தானாக அங்கே போயிற்று.

“அதுல என்ன மாமா எழுதியிருக்கு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு, எல்லாத்துக்கும் வர்றதுதான்.”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. பத்து வருஷமாகக் கவுண்டரில் நான் சொல்லிவரும் வாக்கியம் அது. தொனிகூட மாறவில்லை.

கைநாட்டு வைக்கிறவர்களுக்கென்று எங்கள் படிவங்களில் ஒரு வாசகம் உண்டு. மேற்கண்டவை தனக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டப்பட்டன, புரிந்துகொண்டேன் என்று அவர் சொல்வதாக. அதன் கீழே ரேகை; பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து. வரிசை வாசல் வரை நிற்கும் நாளில் யாரும் எதையும் படித்துக் காட்டுவதில்லை. ரேகை மட்டும் தெளிவாக விழ வேண்டும்.

ரேகையின் பூர்வீகமே இப்படித்தான். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத் தாளின் பின்புறம் பதித்துக்கொண்டார். பின்னாளில் கையெழுத்தை மறுக்கும் எண்ணமே வராதபடி அவரைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்று ஹெர்ஷலே எழுதியிருக்கிறார். கோனாய்க்கு என்ன புரிந்தது என்பது அங்கே பிரச்னையாக இல்லை. அவர் தப்பிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் சட்டத்தின் அடிப்படை வேறு. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்பதையே சம்மதம் என்கிறது. நம் மொழி இதை ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ஒப்பு என்றால் ஒன்றுபோல் இருத்தல். அதிலிருந்துதான் சம்மதத்துக்கு ஒப்புதல், கையெழுத்துக்கு ஒப்பம். அதே சொல்லிலிருந்துதான் ‘ஒப்புக்கு’ என்பதும் வந்திருக்கிறது. ஒப்புக்குச் செய்தான் என்றால் மனமில்லாமல், பேருக்குச் செய்தான். முதல் அர்த்தத்திலிருந்து கடைசி அர்த்தத்துக்கு வந்து சேர்ந்த தூரம்தான் நம் காலத்தின் தூரம் என்று தோன்றுகிறது.

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வாழ முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழனிக்குப் பஸ் ஏறுகிறவன் டிரைவரின் லைசென்ஸை வாங்கிப் பார்ப்பதில்லை. நம்பிக்கை இல்லாமல் ஒரு நாளும் கழியாது. ஆனால் லைசென்ஸைப் பார்த்தேன், எனக்குத் திருப்தி என்று பஸ்ஸில் யாரும் எழுதி வாங்குவதில்லை. அங்கே நம்பிக்கை நம்பிக்கையாகவே இருக்கிறது. புதுக் கருவியும் என் கவுண்டரும் கேட்பது அதை அல்ல. புரிந்து ஏற்றேன் என்ற வாக்குமூலத்தைக் கேட்கின்றன, தகராறு வந்தால் எடுத்துக் காட்டுவதற்கு. படிக்காதது குற்றமில்லை. படித்ததாகச் சொன்னால்தான் கதவு திறக்கும் என்பதில்தான் குற்றம் இருக்கிறது.

மொழியை மாற்றினால் தீருமா? 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் வாசகம் எளிமையாக இருக்க வேண்டும், இங்கிலீஷிலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அக்காவின் நகைக்கடன் தாளில் தமிழும்தான் இருந்தது.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம் நம் பள்ளிகளுக்கே வந்தது. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்பக் கருவிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. லினக்ஸின் கருவான பகுதி க்னூ பொது உரிமத்தின் கீழ் வருவது. அந்த உரிமத்தின்படி, மென்பொருளை வெறுமனே பயன்படுத்துகிறவன் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மாற்றவும் பிறருக்கு விநியோகிக்கவும் முனைகிறவனுக்குத்தான் நிபந்தனை. கையெழுத்துக் கேட்காமலும் ஒரு கருவியை ஒருவனிடம் ஒப்படைக்க முடியும் என்பது இதில் தெரிகிறது.

அன்று திண்ணையில், வாங்கிய விரலை எடுத்துவிட்டு, அந்த வாசகத்தை மேலிருந்து படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மென்பொருள் விற்கப்படவில்லை, உபயோகிக்க உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்ற இடம் வந்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக வருவதுதான்.

“அப்ப நாம என்னத்த மாமா வாங்குனோம்?”

அக்கா உள்ளேயிருந்து வந்து வாசலில் நின்றாள். அவள் கை வெறுமையாக இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. பாதி கூடப் படித்திருக்க மாட்டோம், இருட்டிவிட்டது. பெண்ணே பொத்தானை அழுத்தினாள். வேறு என்ன செய்ய? மறுத்தால் கருவி அதே இடத்தில் நின்றுவிடும். படித்ததால் அவளுக்குச் சுதந்திரம் கிடைத்துவிடவில்லை. தான் சொல்வது முழு உண்மையல்ல என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த அறிவைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

மறுநாள் கவுண்டருக்கு ஒரு பெரியவர் வந்தார், மைப்பெட்டிக்கு விரலை நீட்டியபடியே. இருங்கய்யா என்று சொல்லி, வட்டி பற்றியும் ஏலம் பற்றியும் இருந்த பத்திகளைப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்தவருக்கும் படித்தேன். வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. மூன்றாவது ஆளுக்குப் படிக்கவில்லை. சாட்சிக் கையெழுத்தை மட்டும் போட்டேன்.